மகனின் அறையைப் பார்க்க வரும் மூத்தவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் சார்பில் என் கணவரும் நானும் வட இங்கிலாந்தில் பதினெட்டு மாதம் சமயப் பணி செய்யும் மூத்த ஊழியக்காரர்களாக இருந்தோம் என்று சென்ற மாதப் பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் அனைத்தும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வெளிநாட்டில் தங்கியிருக்கும் இளம் ஊழியக்காரர்களின் வீடுகளுக்கு வயதில் மூத்தவர்கள் போய்ப் பார்ப்பது எதற்காக என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் இந்துக் குடும்பம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும்போது என் மகன் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்தான். தேசியச் சேவையை (கட்டாயப் படைச்சேவையை) முடித்த கையோடு ஈராண்டு ஊழியத்துக்காக வெளிநாடு போயிருக்கிறான். போன வாரம் பேசும்போது, "நாளைக்கு ஒரு வயதான தம்பதி எங்கள் வீட்டைச் சோதிக்க வருகிறார்கள் அம்மா, இன்றைக்கு முழுக்கத் துடைக்கும் வேலைதான்" என்றான். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அவன் படுக்கும் இடத்தை முன்பின் தெரியாதவர்கள் ஏன் சோதிக்க வேண்டும்? அவன் ஏதாவது தவறு செய்துவிட்டானா?
– ஒரு தாயார், ஈசூன்

பதில்: அம்மா, முதலில் மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கள். யாரோ தவறு செய்ததால் நடக்கும் வருகை அன்று இது. அந்த ஊழியப் பகுதியில் உள்ள எல்லா வீடுகளுக்கும் முறைவைத்துப் போவார்கள்; உங்கள் மகன் வீட்டின் முறை அன்றைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் போகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அங்கே தங்கியிருப்பவர்கள் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆண்பிள்ளைகள் 18 வயதிலேயே ஊழியத்துக்குப் புறப்படலாம் என்று அந்தச் சபை 2012-ஆம் ஆண்டு அறிவித்தது; அதுவரை 19 வயது ஆகியிருக்க வேண்டும். நம் சிங்கப்பூர்ப் பையன்கள் தேசியச் சேவையை முடித்துவிட்டுப் போவதால் அவர்களுக்கு இருபது வயது தாண்டிவிடுகிறது. ஆனால், உங்கள் மகனோடு ஒரே அறையில் தங்கும் தோழன், பள்ளிப் படிப்பை முடித்து மூன்று மாதம்கூட ஆகாதவனாக இருக்கலாம். வாழ்நாளில் ஒரு முறைகூடத் தன் துணியைத் தானே துவைக்காதவனாகவும் இருக்கலாம். இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பிய வழக்கப்படி இவர்களும் எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். அந்த இருவருக்கும் மேலே பொறுப்பில் இருப்பவர் ஊழியத் தலைவர். அவரும் அவருடைய மனைவியும் மூன்று ஆண்டுகள் அந்தப் பொறுப்பை வகிக்கிறார்கள். நூறு பேருக்கு மேற்பட்ட இளையர்கள், சில இடங்களில் ஒரு நாடு முழுதும் பரவியிருப்பார்கள். (1993-இல் பெங்களூரில் தனி ஊழியப் பகுதி அமையும் வரை இந்தியாவே சிங்கப்பூர் ஊழியப் பகுதியின் பொறுப்பில்தான் இருந்தது என்றால் தூரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.) ஒருவரால் அத்தனை வீடுகளின் குளியலறைக் குழாயையும் போய்ப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்ட தம்பதியர், தங்கள் சொந்தச் செலவில், 6 மாதம் முதல் 23 மாதம் வரை வந்து தங்கிக் கைகொடுக்கிறார்கள். சிலர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவார்கள், சிலர் நிவாரண உதவிகளைக் கவனிப்பார்கள். வேறு சிலருக்கு வீடுகளின் பொறுப்பு வரும். வாடகைக்கு இடம் பார்ப்பது, கட்டில் மேசை வாங்கிப் போடுவது, வீட்டுக்காரரிடம் பேசுவது, பிறகு அவ்வப்போது போய்ப் பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும்.

இதில் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். இருவரில் ஒருவர் போவார், புதிதாக ஒருவர் வருவார். ஆகவே அந்த வீட்டில் யாரும் நிலையாகக் குடியிருப்பதில்லை. குழாய் ஒழுகினால், போனவன் சொல்லியிருப்பான் என்று வந்தவன் நினைத்துக்கொள்வான். சன்னல் தாழ்ப்பாள் உடைந்திருந்தால், முதலிலிருந்தே அப்படித்தான் போலும் என்று விட்டுவிடுவான். நம் வீட்டில் ஒரு நாளில் சரியாகிவிடும் சின்னப் பழுது, அங்கே எட்டு மாதம் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க, வெளியிலிருந்து ஒரு கண் வந்தாக வேண்டும்.

உங்கள் மகன் "சோதிக்க" என்ற சொல்லைப் பயன்படுத்தியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தேசியச் சேவையில் படுக்கை விரிப்பின் மடிப்பைக்கூட அதிகாரி வந்து பார்ப்பார் என்பதை அனுபவித்துவிட்டுப் போன பிள்ளை அவன். எங்களைக் கண்டதும் விறைப்பாக எழுந்து நின்ற பையன்களும் இருந்தார்கள். அந்த விறைப்பைத் தளர்த்துவதற்கே எங்களுக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

ஒரு நவம்பர் மாதம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருவர் தங்கியிருந்த மாடி வீட்டுக்குப் போனோம். தரை பளிச்சென்று இருந்தது, அடுப்பில் ஒரு கறை இல்லை. என் கணவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சரிபார்ப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. இரண்டு கட்டில்களில் ஒன்றில் போர்வை அவசரமாக இழுத்துவிடப்பட்டிருந்தது. மற்றொன்று கடையில் காட்சிக்கு வைத்ததுபோல் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. "இதில் கொஞ்சம் உட்காரலாமா?" என்று கேட்டேன். அந்தப் பையனின் முகம் மாறிவிட்டது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் குறுக்குச் சட்டங்கள் நான்கு முறிந்து கிடந்தன. ஐந்து வாரமாகத் தரையில் ஒரு கம்பளியை விரித்துப் படுத்திருக்கிறான், அந்தக் குளிரில். ஏனப்பா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கட்டிலுக்கான பணத்தைத் தன் தகப்பனாரிடம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்ததாகச் சொன்னான். அவருக்கு மீன்பிடித் தொழில்.

அவன் பயந்ததுபோல் நடக்க வழியே இல்லை. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து போகும் ஊழியக்காரர்களின் குடும்பங்கள் 2020 ஜூலையிலிருந்து மாதந்தோறும் 500 அமெரிக்க டாலர் கட்டுகின்றன. அந்தப் பணமெல்லாம் பொதுவில் சேர்கிறது. விலைவாசி அதிகமான ஊருக்குப் போனவன் என்பதற்காக ஒருவன் கூடுதலாகக் கட்டுவதில்லை. வீட்டு வாடகையும் கட்டில் மேசையும் ஊழியத்தின் பொறுப்பு. இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு யாரோ சொல்லியிருப்பார்கள், ஆனால் அவன் காதில் தங்கவில்லை. அன்று மாலையே என் கணவர் மரச்சட்டங்கள் வாங்கிவந்து திருகாணி போட்டு முடுக்கிக் கொடுத்தார். அந்தப் பையன் அம்மாவிடம் அடுத்த வாரம் பேசியபோது கட்டில் சரியானதைச் சொன்னானாம். தரையில் படுத்திருந்ததைச் சொல்லவில்லையாம்.

அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். 2019 முதல் இந்தப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை, ஆயத்த நாள் என்று அவர்கள் சொல்லும் நாளில், காணொளி வழியே வீட்டுக்குப் பேசலாம். அப்போது "அறையைக் காட்டு, பார்க்கிறேன்" என்று கேட்காதீர்கள். இன்றைக்கு என்ன சமைத்தாய், நேற்று எங்கே படுத்தாய், தோழன் எப்படியிருக்கிறான் என்று கேளுங்கள். அந்த மூத்த தம்பதி வந்தால் அவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் நின்று அவனைப் பார்க்க ஒரு பெண்மணி அங்கே போகிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால், உங்கள் மனக்கலக்கம் பாதியாகக் குறைந்துவிடும்.

கேள்வி: என் மனைவியும் நானும் பணி ஓய்வுபெற்று, அடுத்த ஆண்டு மூத்த ஊழியக்காரர்களாக வெளிநாடு போக விண்ணப்பிக்கிறோம். இளையர்களின் வீடுகளைப் பார்க்கும் வேலையும் வரலாம் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளின் அறைக்குள்கூடக் கதவைத் தட்டாமல் நாங்கள் நுழைந்ததில்லை. சொல்லாமல் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: ஐயா, சொல்லிவிட்டே போங்கள். குறைந்தது இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் நண்பரின் கருத்தை நானும் ஆரம்பத்தில் சரியென்று நினைத்தேன்; இரண்டு மூன்று வீடுகளுக்கு அப்படிப் போயும் பார்த்தேன். கழுவாத தட்டுகள் கண்ணில் பட்டன, வெட்கிய முகங்கள் கண்ணில் பட்டன, அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. நாம் கவலைப்பட வேண்டியவை இரண்டு நாளில் மறைந்துவிடுபவை அல்ல. சுவரில் ஏறிய பூஞ்சை போகாது, கொதிகலனின் கோளாறு போகாது, மூட்டைப்பூச்சி போகாது. முன்கூட்டிச் சொல்வதால் தட்டுகள் கழுவப்பட்டிருக்கும், அவர்களும் தலைநிமிர்ந்து நம்மை வரவேற்பார்கள்.

குளிர்நாட்டுக்குப் போவதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. எரிவாயுக் கொதிகலன் சரியாக எரியாவிட்டால் உண்டாகும் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், சுற்றும், குமட்டும். வெளியே போனால் தெளியும், வீட்டுக்குள் வந்தால் மறுபடியும் வரும். பையன்கள் அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிச் சன்னலை இன்னும் இறுக அடைத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். சமையலறைச் சன்னலை எந்நேரமும் திறந்துவைத்துப் பழகிய சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்த ஆபத்து மனத்தில் தோன்றுவதே இல்லை. ஒரு வீட்டில் அந்தக் கருவி சுவரில் இல்லை. எங்கே என்று கேட்டபோது, மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள். மின்கலம் தீரப்போகிறது என்பதற்காக அது இரவெல்லாம் கிரீச்சிட்டிருக்கிறது. தூக்கம் கெடுகிறதே என்று மின்கலத்தைக் கழற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து என் கணவர் பையில் எப்போதும் புது மின்கலங்கள் இருக்கும். கருவியின் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்திச் சத்தத்தைக் கேளுங்கள். "வேலை செய்கிறது" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஈரத் துணியைச் சூடேற்றியின் மேல் போட்டு, குளிருக்குப் பயந்து சன்னலையும் சாத்தினால், ஒரே மாதத்தில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிடும். கட்டிலை நகர்த்திப் பாருங்கள்.

குளிர்பதனப் பெட்டியைத் திறக்கும்போது அனுமதி கேட்டுவிட்டுத் திறங்கள், ஆனால் கட்டாயம் திறங்கள். அவர்கள் உடல்நலத்தை மட்டுமன்று, இருவருக்கும் இடையில் உள்ள உறவையும் அது சொல்லிவிடும். ஒரு வீட்டில் மேல்தட்டு முழுக்க ஒருவனுடைய பொருள்கள், கீழ்த்தட்டில் பாதி தின்ற ரொட்டி ஒன்று. பால்கூடத் தனித்தனியாக இரண்டு. ஒருவன் மட்டுமே பேசிக்கொண்டிருந்தான், மற்றவன் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இருவரையும் ஒன்றாக நிறுத்தி "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் பதில் வராது. நான் வெங்காயத்தை எடுத்துச் சன்னலைப் பார்த்து நின்றவனிடம் கொடுத்து நறுக்கச் சொன்னேன். என் கணவர் மற்றவனைக் கூட்டிக்கொண்டு கீழே குப்பைத்தொட்டியைப் பார்க்கப் போனார். பருப்பு வேகும் நேரத்துக்குள் நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. அன்றிரவே ஊழியத் தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. இதில் நீங்கள் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் உதாரணத்துக்காகக்கூடச் சொன்னால், அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் உங்களிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

பெட்டி, நாட்குறிப்பு, கடிதங்கள், துணி அலமாரி ஆகியவற்றைத் தொடாதீர்கள். அவை வீட்டின் பகுதி அல்ல. இளம் சகோதரிகள், அதாவது பெண் ஊழியக்காரர்கள், தங்கும் வீடாக இருந்தால், உங்கள் மனைவி முதலில் உள்ளே போகட்டும். அவர்கள் இருவரும் அழைத்த பிறகு நீங்கள் போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு முறைகூட அது சங்கடத்தை உண்டாக்கவில்லை.

தூய்மைக்கு மதிப்பெண் போட்டு, அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, முதல் பரிசு கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பரிசு வாங்கும் ஆசையில் பழுதை மறைக்கத் தொடங்குவார்கள். கட்டிலைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேனே, அந்த வீட்டுக்கு அதற்கு முந்தைய வருகையில் முழு மதிப்பெண் கிடைத்திருந்தது.

கேள்வி: குவீன்ஸ்டவுனில் உள்ள என் பழைய அடுக்குமாடி வீட்டில் இரண்டு இளம் அமெரிக்க ஊழியக்காரர்கள் குடியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களுடைய சபையைச் சேர்ந்த வயதான தம்பதி அவ்வப்போது வந்து வீட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போவதாக அண்டைவீட்டார் சொல்கிறார்கள். என் வீட்டை எனக்குத் தெரியாமல் மற்றவர் சோதிக்கலாமா?
– வீட்டுக்காரர், குவீன்ஸ்டவுன்

பதில்: அவர்கள் உங்கள் வீட்டைச் சோதிக்கவில்லை, தங்கள் பிள்ளைகள் அதில் எப்படியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது, பழுதுபார்ப்பு யார் பொறுப்பு, குளிர்சாதனத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பராமரிக்க வேண்டும் என்பவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வாடகைக்கு விட்ட உரிமையாளர் என்ற முறையில் அவ்வப்போது போய்ப் பார்ப்பது எப்படியும் உங்கள் கடமை. ஆகவே அடுத்த முறை அவர்கள் வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நீங்களும் போங்கள். அந்தத் தம்பதி எவ்வளவு கவனமாக இருந்தாலும், நம் ஊர் அவர்களுக்குப் புதிது.

நீங்கள் சொல்லித்தர வேண்டியவை நிறைய இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த முடிவெட்டும் கருவி 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதாக இருக்கும். இங்கே 230 வோல்ட். செருகியை மட்டும் மாற்றும் சின்ன இணைப்பியைப் போட்டுச் செருகினால் அது கருகிவிடும். வாளியில் தேங்கிய தண்ணீரும், தட்டு வடிகட்டும் கூடையின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரும் போதும், முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகும் என்பதை அவர்கள் அறிய மாட்டார்கள். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்ப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பழைய புளோக் என்பதால் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகும் குழாய்கள் இருக்கும். நனைந்த ஜீன்ஸ் நான்கைந்தைக் கோத்த கழி எவ்வளவு கனக்கும் என்பது நமக்குத் தெரியும். அதைத் தூக்கிச் செருகத் தெரியாத ஒரு பையன் சன்னலுக்கு வெளியே எட்டிக் குனிவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஒருமுறை நீங்களே செய்துகாட்டுங்கள், அல்லது உள்ளே காயவைக்கும் மடக்குக் கொடி ஒன்றை வாங்கிவைத்து, கழிகளை எடுத்துவிடுங்கள். 2018 ஜூன் 1 முதல் கட்டப்படும் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வீடு பழையது என்பதால், இல்லாவிட்டால் ஒன்றைப் பொருத்திக் கொடுங்கள். அந்தத் தம்பதி தங்கள் தாளில் முதலில் எழுதிக்கொண்டு போவது பெரும்பாலும் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 20. அடுத்த மாதம் ஊழியத்துக்குப் புறப்படுகிறேன். மூத்தவர்கள் வீட்டைப் பார்க்க வரும்போது நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: மகளே, ஆயத்த நாளில் தோழியும் நீயும் சேர்ந்து வீட்டைத் துடைத்துவிட்டால், அவர்கள் வரும் முதல் நாள் இரவு விழித்திருக்க வேண்டியதில்லை. புதிய வீட்டுக்குப் போன அன்றே குழாய், தாழ்ப்பாள், கட்டில், எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றை ஒருமுறை பார்த்து, பழுதானவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடு. உனக்கு இடமாற்றம் வந்தாலும் அந்தத் தாள் அங்கேயே இருக்கட்டும், அடுத்து வருபவள் அதில் தொடர்ந்து எழுதுவாள். மூத்த சகோதரி வந்து "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால், மரியாதைக்காக "எல்லாம் சரி" என்று சொல்லிவிடாதே. கதவைத் திறந்து அந்தத் தாளைக் காட்டு. அரிசிக் குக்கர் இல்லாமல் பானையில் சோறு வடிக்க இந்த ஒரு மாதத்துக்குள் அம்மாவிடம் கற்றுக்கொள். பெட்டியில் இடமிருந்தால் வீட்டு ரசப்பொடி ஒரு பொட்டலம் எடுத்துப் போ. அவர்கள் வரும்போது ஒரு தம்ளர் ரசம் வைத்துக் கொடு. அவர்களும் தங்கள் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள்தாம்.